பாரில் கற்கும் ஆங்கிலம்: வரவும் வரம்பும்

ஆங்கிலம் படிக்க டப்ளினுக்குப் போகும் பிரேசில் இளைஞருக்கு அயர்லாந்து அரசு தரும் அனுமதிக்கு 'ஸ்டாம்ப் 2' என்று பெயர். 25 வாரம் வகுப்பு, வாரத்துக்கு 15 மணி நேரம்: மொத்தம் 375 மணி. அதே 25 வாரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம்: மொத்தம் 500 மணி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையிலும் வேலை நேரம் வாரத்துக்கு 40 மணியாக உயர்கிறது. ஆகப் படிக்க வந்தவருக்குப் படிக்கும் நேரத்தைவிட உழைக்கும் நேரமே அதிகம். யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. வேலையும் ஒரு வகுப்புதான், அதுவும் பப்பில் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையே காரணம். விசா முகவர் முதல் அறைத்தோழர் வரை எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை முழுப் பொய் இல்லை. பப் வேலை ஒருவரின் வாயைத் திறக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த ஆங்கிலம் வருகிறது, யாருக்கு வருகிறது, எதுவரை வருகிறது என்று கேட்டால் பதில் சிக்கலாகிறது. இந்த ஏற்பாட்டின் அடிப்படை முரண் ஒன்று உண்டு: பப்பில் அதிகம் சம்பாதிக்கும் நேரத்தில் மொழி குறைவாகவே கிடைக்கிறது, மொழி கிடைக்கும் நேரத்தில் காசு குறைவு.

டப்ளின் ஏன்?

பிரிட்டனில் குறுகிய கால ஆங்கிலப் படிப்புக்கான விசாவில் வருபவர் வேலை பார்க்க முடியாது. அயர்லாந்தில் முடியும். பிரேசில்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. முன்கூட்டி விசா வாங்காமலே விமானம் ஏறி, இறங்கிய பிறகு பதிவு செய்துகொள்ளலாம். டப்ளினின் மொழிப் பள்ளிகளிலும், உணவகச் சமையலறைகளிலும், பப்களிலும் போர்ச்சுகீசியம் கேட்பதற்கு இதுவே பெரிய காரணம்.

வேலை அனுமதிக்காகவே படிப்பு விற்கப்படும் ஆபத்து தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2014-15இல் டப்ளினில் பல தனியார் கல்லூரிகள் திடீரென மூடப்பட்டன. கட்டணம் கட்டிய மாணவர்கள் தெருவில் நின்றார்கள். அதன் பிறகு அரசு விதிகளை இறுக்கியது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் வந்தது. மொழிப் படிப்புக்கான அனுமதி ஓராண்டிலிருந்து எட்டு மாதமாகக் குறைந்தது. வருகைப் பதிவு 85 சதவீதம் இருக்க வேண்டும், முடிவில் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்பவையும் விதிகள். மொழிப் படிப்பை அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரைதான் நீட்டிக்க முடியும். வகுப்பறையைக் கண்காணிக்க அரசு இவ்வளவு மெனக்கெடுகிறது. மீதி 500 மணி நேரத்தில் மாணவர் என்ன கற்கிறார் என்று கேட்க மட்டும் யாரும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்க அயர்லாந்து போகிறவர்களும் இதே ஸ்டாம்ப் 2, இதே 20 மணி நேரக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். ஆங்கில வழியில் படித்தும் பேசத் தயங்குகிறவர்கள் அவர்களில் உண்டு. பப் வேலை அவர்களுக்கும் ஒரு தீர்வாகச் சொல்லப்படுகிறது. நம் ஊரில் பார் என்றால் டாஸ்மாக்கை ஒட்டிய கொட்டகைதான் நினைவுக்கு வரும் என்பதால், வீட்டுக்குச் சொல்லும்போது அந்த வேலை 'ரெஸ்டாரண்ட்' ஆகிவிடலாம். அயர்லாந்தின் பப் வேறு மாதிரி இடம். மதியச் சாப்பாடு, கால்பந்து ஒளிபரப்பு, பாட்டுக் கச்சேரி, துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்களின் கூடுகை எல்லாம் அங்கேதான். பெற்றோருடன் வரும் குழந்தைகளுக்கும் பொதுவாக இரவு 9 மணி வரை அனுமதி உண்டு. ஒழுக்கக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, மொழிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கவுண்டர் தரும் பயிற்சி

முதல் வரவு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு. வகுப்பில் 15 பேர் இருந்தால் ஒருவர் வாய் திறக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். கவுண்டரில் அடுத்தடுத்து ஆள் வந்துகொண்டே இருப்பார். ஒரே கேள்வி பத்து உச்சரிப்பில் வரும். கார்க் ஊர்க்காரர் கேட்பது ஒரு விதம், பெல்ஃபாஸ்ட்காரர் கேட்பது இன்னொரு விதம். பாடப்புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவில் இந்தப் பன்மை கிடைக்காது. இரண்டு மாதத்தில் காது பழகிவிடும். வேகமாக வரும் பேச்சில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறியும் திறன் உண்மையான மொழித்திறன்; அதை இங்கே பெறுவது நிச்சயம்.

இரண்டாவது வரவு, மரியாதையின் இலக்கணம். பாடத்தில் படித்த ஆங்கிலத்தில் 'வாட் டூ யூ வான்ட்?' என்பது பிழையில்லாத வாக்கியம். பப்பில் அதைச் சொன்னால் சண்டைக்கு அழைப்பது போல ஒலிக்கும். அங்கே பணியாளர் வாடிக்கையாளரைப் பார்த்து 'ஆர் யூ ஆல்ரைட் தேர்?' என்பார். உடல்நலம் விசாரிக்கிறார் என்று புதியவர் நினைப்பார். உண்மையில் 'என்ன வேண்டும், சொல்லுங்கள்' என்பதுதான் அதன் பொருள். கேட்பதைச் சுற்றிவளைத்துக் கேட்பது, மறுப்பதை மென்மையாக்குவது, யாரையும் இடிக்காதபோதும் 'ஸாரி' சொல்லி வழி கேட்பது ஆகியவற்றை விதியாக மனப்பாடம் செய்ய முடியாது. நூறு முறை கேட்டு, இருபது முறை தவறாகச் சொல்லி, எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைக் கண்டுதான் கற்க முடியும்.

மறுப்பு இந்தப் பயிற்சியின் உச்சம். அயர்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதையில் இருப்பவருக்கு மது ஊற்றுவது குற்றம். தள்ளாடியபடி வந்து நிற்கும் பெரியவரிடம், அவருடைய நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இனி கிடையாது என்று சொல்ல வேண்டும். குரல் உயர்ந்தால் சண்டை. தாழ்ந்தால் அவர் விடமாட்டார். சொல்லுக்கும் தொனிக்கும் இடையே இவ்வளவு நுட்பமான சமநிலையைக் கேட்கும் வாய்மொழித் தேர்வு எதுவும் கிடையாது. இதை ஒருமுறை சரியாகச் செய்தவருக்கு அலுவலகத் தொலைபேசியை எடுக்கும் பயம் போய்விடும்.

மூன்றாவது வரவு, அயர்லாந்துக்கே உரிய ஒரு சலுகை. கின்னஸ் ஸ்டவுட்டை ஒரே மூச்சில் ஊற்ற முடியாது. குவளையை 45 பாகை சாய்த்து முக்கால் பங்கு நிரப்பி, நுரை அடங்கிக் கருப்பு தெளியும்வரை வைத்திருந்து, பிறகு மேல்பகுதியை நிரப்ப வேண்டும். 1759இலிருந்து டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் இயங்கும் அந்த நிறுவனம் இதற்குச் சொல்லும் கணக்கு 119.5 வினாடி. கூட்டமில்லாத பிற்பகலில், ஊற்றுகிறவரும் கேட்டவரும் எதிரெதிரே நின்று காத்திருக்க வேண்டிய இரண்டு நிமிடம் அது. மழை, கால்பந்து, எந்த ஊர், எப்போது வந்தாய், குளிர் தாங்குகிறதா என்று பேச்சு தொடங்குவது அந்த இடைவெளியில்தான். வியாபாரம் முடிந்த பிறகும் நீளும் பேச்சில்தான் கற்பவர் ஒற்றைச் சொல்லிலிருந்து முழு வாக்கியத்துக்கு வருகிறார்.

வளர்ச்சி நிற்கும் இடம்

பிற்பகலின் இந்தப் படத்தை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, சுற்றுலாப் பயணிகள் நெருக்கியடிக்கும் டெம்பிள் பார் பகுதிக்கு நகர்த்திப் பார்க்கலாம். மேடையில் பாட்டு, கவுண்டரில் மூன்று வரிசை ஆள். வாடிக்கையாளர் வாய் திறக்கவே வேண்டாம். பீர் குழாயைக் காட்டி விரலை உயர்த்தினால் போதும். பானங்களின் பெயர் உலகெங்கும் ஒன்றுதான். எண்ணிக்கை, விலை, 'கார்டா காஷா', 'தேங்க்ஸ்' என்று ஒரு முழு இரவும் ஐம்பது அறுபது சொல்லில் கழிந்துவிடும். போதாததற்கு எதிரில் நிற்பவரே ஸ்பெயினிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருடைய ஆங்கிலமும் இரவல்தான்.

இரைச்சல் இன்னொரு தடை. சத்தத்துக்கு நடுவே கேட்கும்போது தாய்மொழியாளரைவிட இரண்டாம் மொழிக்காரர் அதிகம் தடுமாறுவார் என்பது ஒலியியல் ஆய்வுகளில் பலமுறை உறுதியான முடிவு. காதில் விழாத துண்டுகளைத் தாய்மொழியாளர் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வார். கற்பவரிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அதனால் அவர் உதட்டையும் விரலையும் பார்த்து ஊகிக்கப் பழகுகிறார். ஊகம் பீருக்குப் போதும். வினைச்சொல் எந்தக் காலத்தில் வந்தது, முன்னிடைச்சொல் எது என்பவை அந்த இரைச்சலில் காதுக்கு எட்டாமலே போகும்.

திருத்துவாரும் இல்லை. பொருள் புரிந்துவிட்டால் வாடிக்கையாளர் நகர்ந்துவிடுவார். பிழையைச் சுட்டிக்காட்ட அவருக்கு அவசியமும் இல்லை, அது நாகரிகமும் இல்லை. இதன் நீண்டகால விளைவை மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். வெஸ் என்று அவர் பெயரிட்ட ஜப்பானிய ஓவியர் ஹவாயில் குடியேறியவர். வகுப்புக்குப் போகாமல், பழகிப் பழகியே ஆங்கிலம் கற்றவர். ஏறத்தாழ மூன்று ஆண்டில் அவர் நல்ல பேச்சுத் துணையாகிவிட்டார். நகைச்சுவை வந்தது, அரட்டை வந்தது, நண்பர்கள் வந்தார்கள். இலக்கணம் மட்டும் கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே நின்றது. தன் பேச்சு எல்லோருக்கும் புரிகிறது என்பதே அவருடைய வளர்ச்சிக்கு வேலியானது.

வெஸ் விதிவிலக்கு இல்லை. 1980களில் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 40 புலம்பெயர்ந்தோரின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்தது ஒரு பெரிய ஆய்வுத் திட்டம். அதன் முடிவுகளை வொல்ஃப்காங் கிளைனும் கிளைவ் பெர்டூவும் 1997இல் தொகுத்து எழுதினார்கள். வேலையிடத்திலும் தெருவிலும் மொழியைக் கற்ற அத்தனை பேரும் ஒரு 'அடிப்படை வடிவத்தை' எட்டினார்கள். வினைக்குக் காலவிகுதி இல்லாத, ஆனால் அன்றாடத் தேவைக்குப் போதுமான பேச்சு அது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைத் தாண்டவே இல்லை. பார் கவுண்டர் கேட்பதும் அந்த அளவு மொழியைத்தான். கேட்காத மொழியை அது ஏன் வளர்க்கப் போகிறது?

உள்ளூர் வழக்கையும் எடைபோட வேண்டும். பானத்தைச் சிந்திவிட்டேன் என்பதை டப்ளின்காரர் 'ஐம் ஆஃப்டர் ஸ்பில்லிங் இட்' என்பார். ஐரிஷ் மொழி அமைப்பிலிருந்து அந்த மண்ணின் ஆங்கிலத்துக்கு வந்த வாக்கியம் அது; இழிவாக நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் எது டப்ளினுக்குள் மட்டும் செல்லும், எது சாவோ பாலோவில் நேர்காணலுக்கும் செல்லும் என்று பிரித்துச் சொல்ல கவுண்டரில் ஆள் இல்லை. முதுகலை மாணவருக்கும் இதே சிக்கல்தான். அன்றாட உரையாடல் மொழியும் கல்விப்புல மொழியும் வெவ்வேறு திறன்கள் என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே எழுதினார். பப்பில் வெளுத்து வாங்குகிறவர் ஆய்வறிக்கையின் முதல் பத்தியில் திணறினால் வியப்பதற்கில்லை.

யாருக்குக் கவுண்டர்?

இதைவிட ஆழமான குறை, வாய்ப்பு பங்கிடப்படும் முறையில் இருக்கிறது. ஆங்கிலம் குறைவாக உள்ளவரைக் கவுண்டருக்குப் பின்னால் யாரும் முதல் நாளே நிறுத்துவதில்லை. அவருக்குக் கிடைப்பது காலி குவளை பொறுக்கும் வேலை, பாத்திரம் கழுவும் வேலை, நிலவறையில் பீர் பீப்பாய் மாற்றும் வேலை. அங்கே சக ஊழியர்கள் அவருடைய மொழிக்காரர்களாகவே இருப்பது சகஜம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர் கவுண்டருக்குப் போய் இன்னும் தெரிந்துகொள்கிறார். தெரியாதவர் பின்கட்டிலேயே தங்கிவிடுகிறார். கற்றுத்தருவதாகச் சொல்லப்படும் வேலை, நுழைவுக் கட்டணமாக அந்த ஆங்கிலத்தையே கேட்கிறது.

கனடாவில் குடியேறிய பெண்களைப் பற்றி போனி நார்ட்டன் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அதில் ஈவா என்ற பெயரில் வரும் பெண் துரித உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். தரை துடைப்பது போல யாரும் விரும்பாத, தனியாகச் செய்ய வேண்டிய வேலைகள் அவருடையவை. சுற்றிலும் ஆங்கிலம் ஓடினாலும் அவரிடம் யாரும் பேசுவதில்லை. வேலைக்கு வெளியே நடந்த கூடுகைகளில் சக ஊழியர்கள் அவரை வேறு கோணத்தில் பார்த்த பிறகே பேச்சு தொடங்குகிறது. மொழி நடமாடும் இடத்தில் நிற்பதும், அதைப் பேச உரிமை பெறுவதும் வேறு வேறு என்பதே அந்த ஆய்வின் பாடம். 'அந்த நாட்டுக்குப் போனாலே மொழி வந்துவிடும்' என்கிறவர்கள் இந்த உரிமையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சம்பளமும் ஷிஃப்டும்

2025இல் அயர்லாந்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.50 யூரோவாக இருந்தது. 20 மணி நேரத்துக்கு வாரம் 270 யூரோ. டப்ளின் வாடகையில் இது ஒரு பங்கு அறைக்கும் சாப்பாட்டுக்கும் இழுத்துப் பிடித்தால்தான் போதும். அதனால் டிப்ஸ் முக்கியமாகிறது. டிப்ஸைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளக் கூடாது, மின்னணு முறையில் வரும் டிப்ஸை ஊழியர்களுக்கு நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற சட்டம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது நல்ல முன்னேற்றம். ஆனால் டிப்ஸ் கொட்டுவது வெள்ளி, சனி இரவுகளில், நகர மையத்தில். செவ்வாய்ப் பிற்பகலில், புறநகர் பப்பில், ஓய்வுபெற்ற தபால்காரரோடு பேசிக்கொண்டே இரண்டு பைண்ட் ஊற்றுகிறவருக்கு மொழி கிடைக்கும், காசு கிடைக்காது. பணத் தேவை உள்ள மாணவர் இயல்பாகவே இரைச்சலான ஷிஃப்டைத் தேர்ந்தெடுப்பார். இதை அவருடைய சோம்பலாகவோ ஆர்வக் குறைவாகவோ பார்ப்பது அநியாயம். 270 யூரோவில் வாழச் சொல்லும் கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது.

உடலும் இதில் ஒரு தரப்பு. பப் மூடும் நேரம் வாரநாளில் இரவு 11.30, வெள்ளியும் சனியும் 12.30. குடித்து முடிக்க இன்னும் அரை மணி. அதன் பிறகு துடைத்து, அடுக்கி, கணக்கு முடித்துப் படுக்கும்போது இரண்டு மணி ஆகிவிடும். காலை வகுப்பில் இருக்கை நிரம்பும். 85 சதவீதமும் பதிவாகும். தலை மட்டும் மேசையில் சாயும். பப் தந்த பேச்சைச் சீர்செய்து இலக்கணமாக்க வேண்டிய வகுப்பு அப்படித்தான் வீணாகிறது. வேலையும் படிப்பும் ஒன்றையொன்று நிரப்பும் என்ற வாதம் தூக்கத்தைக் கணக்கில் சேர்த்தால் பாதியாகச் சுருங்கும்.

20 மணிக்கு மேல் கணக்கில் வராமல் வேலை வாங்கும் முதலாளியிடம் சிக்கியவர் புகார் செய்ய அஞ்சுவார். விதியை மீறியது தானும்தான் என்ற பயம். போதையில் வரும் சீண்டலைச் சிரித்துச் சமாளிப்பது பெண் ஊழியர்களின் தலையில் கூடுதல் வேலையாக விழுகிறது. ஆங்கிலம் குறைவாக இருக்கும்போது, பதிலடி கொடுக்கவும் முடிவதில்லை, நடந்ததை மேலாளரிடம் விளக்கவும் முடிவதில்லை. மொழியைத் தருவதாகச் சொல்லும் இடம், மொழியில்லாதவரின் ஊமைத்தனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் இடமாகவும் ஆகிறது.

எப்போது, எவ்வளவு காலம்?

எதிர்வாதத்துக்கும் நியாயம் உண்டு. மொழிப் பள்ளி வகுப்பறைதான் என்ன வாழ்கிறது? சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தன் நாட்டுக்காரர்கள். இடைவேளையில் ஆங்கிலம் கேட்காது. அயர்லாந்துக்காரர் என்று அங்கே இருப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். பப் இல்லாவிட்டால் பல மாணவர்கள் ஓர் ஐரிஷ்காரரிடம் பத்து நிமிடம் தொடர்ந்து பேசாமலே எட்டு மாதத்தை முடித்துவிடுவார்கள். ஆகவே பப் வேலையே வேண்டாம் என்பது தீர்வாகாது. அதைச் சரியான கட்டத்தில், சரியான அளவில் எடுத்துக்கொள்வதுதான் தீர்வு.

ஆங்கிலத்தில் தொடக்க நிலையில் இருப்பவருக்குப் பார் வேலை மொழி கற்கும் வழி ஆகாது. அவரைப் பின்கட்டுக்குத்தான் அனுப்பும். முதலில் வகுப்பில் இடைநிலையை எட்டுவது அவருக்கு மலிவான வழி. சொந்த ஊரிலேயே அதை முடித்துவிட்டுக் கிளம்பினால் இன்னும் மலிவு. இலக்கணம் தெரிந்தும் பேச்சு வராதவருக்கு, நம் ஊர்ப் பட்டதாரி பலரைப் போன்றவருக்கு, இந்த வேலை மிகவும் பொருந்தும். அவரிடம் இருப்பு உண்டு, புழக்கம்தான் இல்லை. அவரும் வேலை தேடும்போது சம்பளத்தோடு ஷிஃப்டையும் விசாரிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு பிற்பகலாவது, வழக்கமாக வரும் உள்ளூர்க்காரர்கள் உள்ள பப்பில் கிடைத்தால், ஓர் இரவு டிப்ஸை இழந்தாலும் லாபம்தான். பிழை கண்டால் திருத்தும்படி ஒரு சக ஊழியரிடம் கேட்டு வைப்பதும், காதில் விழுந்து புரியாததைக் குறித்துவைத்து மறுநாள் வகுப்பில் கேட்பதும், வெஸ் மாட்டிக்கொண்ட வேலியைத் தாண்டும் வழிகள்.

கால அளவும் முக்கியம். கவுண்டரின் பாடம் முதல் சில மாதங்களில் செங்குத்தாக ஏறும், பிறகு சமதளமாகிவிடும். அடுத்து என்ன கேட்பார் என்று முன்பே தெரிந்துவிட்ட நாளில் அந்த வேலை மொழி வகுப்பாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று அறியலாம். அதன் பிறகும் தொடர்வது சம்பளத்துக்காக. அதில் தவறில்லை, ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் எழுதக் கூடாது. மின்னஞ்சல் எழுத வேண்டிய, தொலைபேசியில் விளக்க வேண்டிய, காரணம் சொல்ல வேண்டிய வேலைக்கு நகர்வதே அடுத்த வகுப்பு.

பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. மாணவர்களில் பெரும்பாலோர் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பள்ளிக்குத் தெரியும். மறுப்பது, முறையிடுவது, சம்பளச் சீட்டைப் படிப்பது, உரிமை கேட்பது ஆகியவற்றைப் பாடமாக்கினால் 375 மணியும் 500 மணியும் ஒன்றையொன்று தொடும். அரசும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த அனுமதியால் நாட்டின் பப்களுக்கும் உணவகங்களுக்கும் ஆள் கிடைக்கிறது. அப்படியானால், மாணவர் என்ற பெயரில் வந்தாலும் அவர் தொழிலாளியும்கூட. வகுப்பு வருகையை எண்ணும் அக்கறையோடு வேலை நேரத்தையும் ஊதியத்தையும் எண்ணுவது கடமை. அந்தக் கணக்கு நேராகும்வரை, 'பாரில் நில், ஆங்கிலம் வரும்' என்ற அறிவுரையால் மாணவரைவிட முதலாளிக்கே லாபம் அதிகம்.